இரட்டையர் கண்ட காஞ்சி

காஞ்சிமாநகரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு பொருள்களையே எடுத்துக்கொள்வர். ஒன்று கோயில், மற்றொன்று பட்டு. இரண்டும் எழுத எழுதக் குறையாதனவே. ஆயினும் யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பார்வையில்லாத ஒருவரும் கால் வழங்காத ஒருவருமாகிய இரு புலவர், முன்பின் அறியாத ஊர்களிற் சென்று, முன்பின் அறியாத மக்களிடையே தாம் விரும்பிய அழகைப் பாட்டாகப் பகிர்ந்துகொண்ட வரலாறே அது. அவ்வரலாற்றின் சிறந்த பகுதியொன்று காஞ்சியைச் சார்ந்தது. அதனைப் படிக்குந்தோறும் நம் காலத்துக்குரிய வினா ஒன்று எம் உள்ளத்தில் எழுகின்றது. உடற்குறையுடைய ஒருவர் நம் முன் வந்து நிற்கும்போது நாம் முதலில் உசாவுவது அவருடைய குறையையா, அன்றி அவருடைய விருப்பத்தையா?

இரட்டைப் புலவர் என்றும் இரட்டையர் என்றும் தமிழுலகம் வழங்கும் இவ்விருவரும் முதுசூரியர், இளஞ்சூரியர் என்னும் பெயரினர். ஒருவர்க்கொருவர் அத்தை மகனும் அம்மான் மகனுமாகிய உறவினர். நெசவினைக் குலத்தொழிலாகக் கொண்ட செங்குந்தர் மரபிற் பிறந்தவர் என்பது பரம்பரைச் செய்தி. தாம் பாடிய உலாவில் சம்புவராய மன்னனைக் குறித்திருத்தலால், இவர்கள் பதினான்காம் நூற்றாண்டினர் என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். நடக்க இயலாதவர் பார்வையில்லாதவருடைய தோள்மேல் அமர்ந்து வழிகாட்ட, அவர் இவரைச் சுமந்து நடப்பார். இவ்வாறே இருவரும் சோழநாடு, பாண்டிநாடு, நடுநாடு, தொண்டைநாடு எங்கும் சுற்றித் தலங்கள்தோறும் பாடினர். ஒருவர் செய்யுளின் முற்பாதியைத் தொடங்க, மற்றவர் பிற்பாதியை முடிப்பது இவர்கள் வழக்கம் என்பர். தில்லைக் கலம்பகமும், திருவாமாத்தூர்க் கலம்பகமும், காஞ்சி ஏகாம்பரநாதர் உலாவும் இவர்கள் பெயரால் நிலவும் நூல்கள்.

உலா என்பது எத்தகைய நூல் என்பதை நம் மாணவர் அறிவர். தலைவன் வீதியிற் பவனி வருதலும், பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் அவனைக் கண்டு மயங்குதலும் கலிவெண்பாவாற் கூறப்படும். ஆகவே உலா முழுவதும் கண்ணுக்குரிய விருந்து. அதனை இயற்றிய இருவருள் ஒருவர் கண்ணே இல்லாதவர். இது வியப்பன்றோ எனின், ஒரு வகையில் வியப்பே. ஆயினும் பவனி என்பது கண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பதைத் திருவிழாக் காலத்தில் காஞ்சியின் மாடவீதியில் நின்றார் எவரும் உணர்வர். தொலைவில் எழும் நாகசுரம் அணித்தே வர வர ஓங்குதலும், தேர்ச்சக்கரம் கல்லில் உருளும் முழக்கமும், கற்பூரமும் மல்லிகையும் கலந்து வீசும் மணமும், நெருக்குண்ட கூட்டம் ஒரே காலத்து ஒருபால் சாய்தலும் பார்வையில்லாதார்க்கே நுட்பமாகப் புலப்படுவன. தோள்மேல் இருந்தவர் கண்டதைக் கூற, தாங்கி நின்றவர் கேட்டதைக் கூற, இரண்டும் கலந்தே அவ்வுலா எழுந்திருக்கும் என யாம் கருதுகின்றோம். அதன் எவ்வடி எவருடையது என்று இன்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. (இன்று ஏகாம்பரநாதர் கோயிலுக்குச் செல்வோர் அண்ணாந்து நோக்கும் தெற்கு இராசகோபுரத்தை இரட்டையர் கண்டிலர், அது 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது.)

இவர்களைப் பற்றிய செவிவழிச் செய்திகள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் ஈண்டுக் கூறுவாம்.

மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் பார்வையில்லாதவர் துணி தோய்க்கும்போது அது கைநழுவி நீரிற் போயிற்று. உடைமை என்று சொல்ல இருந்தது அதுவே. படியில் அமர்ந்திருந்த மற்றவர் அதனைக் கண்டு ஒரு நகைச்சுவை வெண்பாவைத் தொடங்க, இவரும் அதே சுவையில் அதனை முடித்தார். ஆடை எனப் பொருள்படும் கலிங்கம் என்னும் சொல்லையும், சொக்கலிங்கம் என்னும் இறைவன் பெயரையும் ஒலியால் இணைத்து, ஒன்று போயினும் மற்றொன்று துணையுண்டு என ஆறுதல் கொண்டனர். நெசவாளர் குலத்துப் பிறந்தார்க்கு ஆடை போன துன்பத்தைக் கூறக் கலிங்கம் என்னும் சொல்லே வந்து உதவியதை எண்ணி நாம் மகிழலாம். தம் இழப்பைக் கேட்பாரிடம் இரக்கம் தேட அவர்கள் பயன்படுத்தவில்லை. சிரிப்பைப் பகிரப் பயன்படுத்தினர்.

மற்றொன்று திருவாமாத்தூரிலே நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது. விழுப்புரத்தை அடுத்த அத்தலத்தின் அருகே பம்பையாறு ஓடுகின்றது. கோயில் ஆற்றின் ஒரு கரையில் இருக்க, இரட்டையர் தம் கலம்பகத்தில் அது எதிர்க்கரையில் இருப்பதாகப் பாடிவிட்டனர். அரங்கேற்றத்தில் அவ்வூரார் பிழையெனத் தடுத்தனர். அன்றிரவு பெருவெள்ளம் வந்து ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டதென்றும், விடியும்போது பாட்டே மெய்யாயிருந்ததென்றும் கதை கூறும். ஆறுகள் வெள்ளத்தில் வழிமாறுதல் இயற்கையே. ஆதலின் கதையில் எவ்வளவு மெய் என்று ஆராய்தல் வேண்டா. கதையைக் கட்டிய மக்களின் மனத்தையே நாம் நோக்க வேண்டும். கண்ணில்லாதார் நிலத்தின் இயல்பைப் பாடினால், கண்ணுள்ளார் முதலிற் செய்வது பிழை தேடுதல். அப்பிழையைத் திருத்த ஓர் ஆறே இடம் பெயர வேண்டியிருந்தது!

இவ்வியல்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கண்ணும் செவியும் இழந்த அமெரிக்க நாட்டு ஹெலன் கெல்லர் அம்மையார் 1903இல் தம் வரலாற்றை வெளியிட்டபோது, உலகம் போற்றியது உண்மையே. ஆயினும் காணாத நிறத்தையும் கேளாத இசையையும் எழுத இவர்க்கு என்ன உரிமை என்று குறை கூறிய திறனாய்வாளரும் இருந்தனர். 1908இல் அவர் எழுதிய மற்றொரு நூல், தொடுகையாலும் மணத்தாலும் அதிர்வாலும் தாம் அறியும் உலகத்தை விரித்துரைத்து அன்னோர்க்கு விடையிறுத்தது. மரத்தின் பட்டையும், மழைக்குமுன் மண்ணிலெழும் மணமும், பிறர் அடிவைப்பின் அதிர்வும் அவர்க்கு இயற்கையின் ஏடுகள். அவர் 1955இல் இந்தியாவுக்கு வந்து பல நகரங்களிற் பேசினார். இயற்கையழகு கண்ணுடையார்க்குக் கிரயம் செய்து கொடுக்கப்பட்ட நிலம் அன்று. அதற்குள் புகும் வாயில்கள் பல.

தொண்டை நாட்டிலேயே இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டினரான அந்தகக்கவி வீரராகவ முதலியார் அந்நாட்டுப் பூதூரிற் பிறந்தவர், பிறவியிலேயே பார்வையில்லாதவர். அவர் முதுகில் எழுத்துக்களை விரலால் எழுதிக்காட்டிக் கற்பித்தனர் என்று கூறுவர். திருக்கழுக்குன்றப் புராணம், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் முதலிய நூல்களைப் பாடிய அவர் கடல் கடந்து யாழ்ப்பாணம் சென்று பரராசசேகர மன்னனிடம் பரிசில் பெற்றார் என்பது வழிவழிச் செய்தி. வழியிற் கட்டிவைத்த சோற்றை நாயொன்று கவர்ந்துசெல்ல, பைரவரின் வாகனம் வந்த கதையாக அதனைச் சிலேடையிற் பாடினார். இரட்டையரின் ஆடைக்கும் இவர் சோற்றுக்கும் நேர்ந்தது ஒன்றே. இருவர் விடையும் ஒரு தன்மையவே.

முதுகில் எழுதிய எழுத்தைப் பற்றி இன்னும் சிறிது கூற விரும்புகின்றோம். எழுத்து என்பது கண்ணுக்கே உரியது என்னும் எண்ணத்தை நம் நாட்டுத் தகப்பன் ஒருவனோ ஆசான் ஒருவனோ அன்றே கடந்தான் என்பதே அதன் சிறப்பு. பிரான்சு நாட்டு லூயி பிரெயில் (1809-1852) தம் தந்தையாரின் தோல் வேலைக்கூடத்தில் விளையாடுகையில் ஊசி குத்திப் பார்வை இழந்தவர். அத்தகைய ஊசியாலேயே தாளிற் புள்ளி குத்தி, ஆறு புள்ளிகளில் எல்லா எழுத்தையும் அடக்கும் முறையை வகுத்து 1829இல் வெளியிட்டார். தமிழ் நாட்டில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்னும் மிஷன் அம்மையார் 1890இல் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொதுவாக அமைந்த பாரதி பிரெயில் முறை 1951இல் ஏற்கப்பட்டது. அதில் அகரத்துக்கு ஒரே புள்ளி. விரல்நுனி ஒன்று அப்புள்ளியைத் தொடும்போது தமிழ் நெடுங்கணக்குத் தொடங்குகின்றது.

இதுவரை பகிர்தலைப் பற்றியே பேசினோம். அது மட்டும் போதுமா? போதாது என்றே கூறுவோம். தம் விருப்பத்தையும் கலையையும் காட்டிப் பிறர் உள்ளத்தை வென்றாலன்றி ஒருவர்க்கு வழிவிடோம் என்பது முறையன்று. பாட வாராதவனும் பள்ளிக்கு வரலாம். கவி புனையாதவளும் கோயிற்படி ஏறலாம். உரிமை வேறு, திறமை வேறு.

உரிமையைக் கேட்டவர் ஒருவர் காஞ்சியிலேயே உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவை மீறிப் புறப்பட்டு இருகண்ணும் இழந்தார் என்றும், திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார் என்றும், காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார் என்றும் சேக்கிழார் உரைக்கின்றார். பார்வையின்மையைத் தண்டனையாகக் கொள்ளும் கதைப்பகுதியை நாம் ஏற்க வேண்டுவதில்லை. பிறவிக் குருடனைக் கண்டு இது எவர் செய்த பாவம் என்று வினவிய சீடர்க்கு, எவர் பாவமும் அன்று என இயேசுநாதர் விடை கூறியதை நம் மாணவர் படித்திருப்பர். நாம் நோக்க வேண்டியது நாயனாரின் பேச்சுமுறை. அவர் கெஞ்சவில்லை. தோழனைத் தோழன் இடித்துக் கேட்பதுபோல் இறைவனை நேர்நின்று கேட்கின்றார். ஒரு கண் கிடைத்ததற்குக் காஞ்சியில் மகிழ்ந்து பாடியவர், மற்றொன்றைக் கேட்பதை அதனால் நிறுத்திவிடவும் இல்லை.

எரிகோ நகரத்து வழியோரத்தில் இருந்த பர்திமேயுவும் அத்தகையவனே. அவன் கூவியபோது பேசாதிரு என்று கூட்டத்தார் அதட்டினர். அவன் முன்னிலும் அதிகமாய்க் கூவினான். அவனை அழைப்பித்த இயேசுநாதர், பார்வையில்லாதவனுக்கு வேண்டுவது இன்னதென்று எவர்க்கும் தெரியுமே என்று எண்ணாமல், உனக்கு நான் செய்ய வேண்டுவது என்ன என்று அவனையே கேட்டார். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் எமக்கு மிகவும் அரியதாய்த் தோன்றுவது அவ்வினாவே.

நம் நாட்டுச் சட்டமும் மெல்ல மெல்ல அவ்வினாவை நோக்கி நடந்துவந்திருக்கின்றது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளை மட்டும் கணக்கிட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் நிறைவேற்றிய உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன்வழி வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைகளைக் கூறுகின்றது. அரசினர் கல்லூரிகளிலும் அரசின் உதவி பெறும் கல்லூரிகளிலும் நூற்றுக்கு 5 இடங்களுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்பதும் அதன் விதி. இடம் ஒதுக்குதல் எளிது. அவ்விடத்துக்கு ஏறிச் செல்லப் படியல்லாத வழி அமைத்தலே அரிது. நம் நூலகம் மாடியில் இருத்தலை ஈண்டு நினைவூட்டி மேற்செல்வாம்.

கடந்த ஆண்டு நம் தமிழ்ச் சங்கத்து மாணவர் முப்பதின்மரை யாம் காஞ்சிக்கு அழைத்துச் சென்றோம். அவருள் ஒருவர் குழவிப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். மற்றொருவர் ஊன்றுகோலின் துணையால் நடப்பவர். பிள்ளையார்பாளையத்தில் முதியவர் ஒருவரின் இல்லத்தில் குழித்தறி இயங்குவதைக் காணச் சென்றோம். வாயிலில் நுழைந்தவுடன் அம்முதியவர் பார்வையில்லாத மாணவரை நோக்கிவிட்டு, எம்மிடம், "தம்பிக்கு எப்போதிருந்து இப்படி?" என்று தாழ்ந்த குரலில் வினவினார். யாம் விடை கூறத் தொடங்குமுன் மாணவரே பேசினார்.

"ஐயா, நாடா ஓடும் ஓசை ஒருமுறை நீண்டும் ஒருமுறை குறுகியும் கேட்கின்றதே, குறுகிய ஓசை வேறொருவர் கையிலிருந்து வருகின்றதா?"

முதியவர் தறியை நிறுத்தினார். கரையும் உடலும் வெவ்வேறு நிறமாயிருக்கும் கோர்வைச் சேலைக்கு நாடா மூன்று. உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. குழியில் அமர்ந்து மிதிப்பவர் ஒருவராலேயே மூன்றையும் செலுத்துதல் அரிது. ஆதலின் ஒரு கரையின் பக்கத்தில் மற்றொருவர் அமர்ந்து தம் நாடாவைச் செலுத்தி, உடலின் ஊடையோடு கரையின் ஊடையைக் கோத்து வாங்குவர். அங்கே அமர்ந்திருந்தவர் முதியவரின் மனைவியார். யாம் முப்பதின்மரும் சரிகையின் ஒளியையே நோக்கி நின்றமையால் அவ்வம்மையாரைக் கவனித்திலோம். ஓசையைக் கொண்டு அவரைக் கண்டவர் அம்மாணவர் ஒருவரே.

பின்னர் முதியவர் மாணவரின் கையைப் பற்றிச் சேலையின் அடிப்புறத்தில் வைத்தார். மேற்புறத்தில் கரையும் உடலும் ஒன்றாய் வழுவழுப்பாக இருக்க, அடிப்புறத்தில் இரண்டும் கைகோத்த இடம் மெல்லிய வரம்புபோல் விரலுக்குப் படும். பழைய பாவு முடிந்தபின் அதன் நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைப்பதையும் விரித்துரைத்தார். "அதற்குக் கண் உதவாது, தம்பி, விரல்தான் எண்ணும்," என்றார். அவர் பேச்சில் இப்போது தாழ்ந்த குரல் இல்லை.

முந்தானையில் ஒரு மயில் உருவாகிக்கொண்டிருந்தது. மாணவர் அதன் கழுத்தின் சரிகையைத் தடவியபின், தமக்குப் பறவைகளின் குரலைக் கேட்டறிதலே பெருவிருப்பம் என்று கூறினார். கொல்லையில் வேம்பு உண்டா, அதில் குயில் வருமா என்று உசாவினார். வரும் என்றார் முதியவர். படிப்படியாய் உயர்ந்துசெல்லும் இனிய கூவல் ஆண்குயிலினது என்றும், கிக்கிக் என விரைந்து கீச்சிடும் குரல் புள்ளிகளையுடைய பெண்குயிலினது என்றும் மாணவர் இரண்டையும் தம் வாயாலேயே ஒலித்துக் காட்டினார். அம்மையார் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கீச்சுச் சத்தம் குயிலா! இத்தனை வருஷமா வேறே ஏதோ பட்சின்னு இருந்தோமே," என்று வியந்தார். நாற்பது ஆண்டுகள் மயிலும் அன்னமும் நெய்தவர் இல்லத்தில், கண்ணில்லாத ஒருவர் வந்து ஒரு பறவையை அறிமுகம் செய்துவைத்தார். திரும்பும்போது முதியவர் எம்மிடம் விடைபெறவில்லை. மாணவரிடமே, மாம்பூக்கும் காலத்தில் மறுமுறை வருமாறு கூறி, தம் இல்லத்து அடையாளத்தையும் சொன்னார்.

இந்நிகழ்ச்சியை எழுதுகையில் எமக்கு மகிழ்ச்சியே. அன்று பிற்பகலில் நிகழ்ந்த மற்றொன்றை எழுதுவது அத்துணை எளிதன்று. வரதராசர் கோயிலில் அத்திகிரி எனப்படும் மேட்டின்மேல் மூலவர் எழுந்தருளியிருக்கின்றார். அதற்கு 24 படிகள். ஊன்றுகோலோடு வந்த மாணவரை நோக்கி யாம், "நீர் இங்கே நிழலில் இருங்கள், சிரமப்பட வேண்டா," என்று அன்போடுதான் கூறினோம். அவர் ஒன்றும் மறுக்கவில்லை, தூணோரத்தில் அமர்ந்துவிட்டார். ஏனையோர் ஏறிச் சென்றோம். பார்வையில்லாத மாணவர் நண்பர் தோளைப் பற்றிப் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். அக்காலை இரட்டையரைப் பற்றி வழியெல்லாம் சொற்பொழிவாற்றி வந்தவர் யாமே என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஊர் திரும்பும் வண்டியில் அம்மாணவர் எம் அருகே வந்து அமர்ந்தார். சிறிது நேரம் சாளரத்துக்கு வெளியே நோக்கியிருந்துவிட்டு, "ஐயா, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஏறிவிடுவேன் என்று நினைத்தேன். நீங்கள் கேட்கவில்லை," என்றார்.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டோம். ஏறி இறங்கக் கால் மணி நேரம் என்றார். இறங்கி வந்தபின் மூங்கிற் குடலையில் வேகும் கோயில் இட்டலிக்காக யாம் அனைவரும் அரை மணி நேரம் காத்து நின்றிருந்தோம்.